ஒன்றிலிருந்து ஒன்பது வரை: மெலிந்த குதிரைக்கு மார்க் போடும் அட்டவணை

ஒரே ஒரு பக்க அட்டவணை. அதைப் பற்றி இவ்வளவு நீளமா ஒரு பதிவு தேவையான்னு கேட்கலாம். தேவைதான். மெலிந்து கிடக்கிற ஒரு குதிரையைப் பார்த்ததும் மேலைநாட்டுக் கால்நடை மருத்துவர், குதிரை மீட்பு இல்லம் நடத்துபவர், விலங்கு வதை வழக்கை விசாரிக்கும் அதிகாரி என எல்லோரும் முதலில் எடுப்பது இந்த அட்டவணையைத்தான். அதில் கிடைக்கிற ஒரு எண்ணை வைத்து அந்த விலங்குக்கு என்ன கொடுப்பது, அதன் உரிமையாளரை என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது உயிர் போகிற விஷயம்.

நான் கால்நடை மருத்துவன் இல்லை. மென்பொருள் வேலை. ஆனால் எங்கள் தொழிலிலும் ஒரு சிக்கலான அமைப்பின் ஆரோக்கியத்தை ஒற்றை எண்ணாகச் சுருக்கித் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காட்டுகிற பழக்கம் உண்டு. அந்த எண்ணை நம்பி எடுத்த தவறான முடிவுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் இந்த அட்டவணையைப் படித்தேன். மருத்துவ ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பிரதியைப் பற்றிய விமர்சனமாக மட்டும் படியுங்கள்.

அட்டவணை என்ன சொல்கிறது

1983-ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஹென்னெக்கியும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பெண்குதிரைகளின் உடலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதைக் கண்ணாலும் கையாலும் மதிப்பிட ஒரு முறை. 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் கொழுப்பு பிதுங்குகிற உடம்பு. 5 நடுநிலை.

ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும்: கழுத்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு, தோளுக்குப் பின்பகுதி, விலா, இடுப்புக்கு மேலே முதுகு, வாலின் அடி. விலா எலும்பு கண்ணுக்குத் தெரிகிறதா, தெரியாவிட்டாலும் விரலில் தட்டுப்படுகிறதா, முதுகுத்தண்டு மேடாக நிற்கிறதா, பள்ளமாக இறங்குகிறதா, வாலடி எலும்பைச் சுற்றி மெத்தென்று இருக்கிறதா என்று ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று வரி விவரணை.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்ப எழுத்து என்ற அளவில் இது அருமையான பிரதி. இதற்கு முன் ஒருவர் 'ரொம்ப ஒல்லி' என்பார், இன்னொருவர் 'பரவாயில்லை, பந்தயக் குதிரை அப்படித்தான் இருக்கும்' என்பார். இந்த அட்டவணை இரண்டு பேரையும் ஒரே இடத்தில் கை வைக்கச் சொல்கிறது. எடைமேடை வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். பழகிய இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட்டால் பெரும்பாலும் ஒரு படி வித்தியாசத்துக்குள் வந்துவிடுவார்கள். நாற்பது ஆண்டு தாண்டியும் உழைக்கிற ஒரு கருவி என்றால் சும்மா இல்லை.

சரி, அப்போ என்ன பிரச்சனை? மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே வரியில் சொன்னால்: இது 'எவ்வளவு மெலிவு' என்ற கேள்விக்கான விடை. நாம் இதை 'ஏன் மெலிவு' என்பதற்கும், 'இனி என்ன செய்வது' என்பதற்கும் விடையாகப் படிக்கிறோம்.

முதல் பிரச்சனை: கொழுப்பு மட்டும்தான் உடம்பா?

மூலக் கட்டுரையின் நோக்கத்தைக் கவனியுங்கள். குவார்ட்டர் ஹார்ஸ் இனப் பெண்குதிரைகளில் கொழுப்புச் சேமிப்புக்கும் உடல் அளவுகளுக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பது. அதன் பயன், சினை பிடிப்பது தொடர்பானது. 5-க்குக் கீழே இருக்கும் குதிரைகளுக்குச் சினை பிடிப்பதில் சிரமம் அதிகம் என்பது அந்த ஆய்வு வரிசையில் வந்த நடைமுறை அறிவு. குதிரைப் பண்ணைக்காரருக்கு அது போதும். பட்டினி கிடந்த கிழக் குதிரைக்கு அது போதாது.

பட்டினியில் உடம்பு முதலில் ஈரலில் இருக்கிற சேமிப்பைச் செலவழிக்கும். பிறகு கொழுப்பு. கொழுப்பு தீரத் தீர தசைப் புரதத்தைக் கரைக்கும். தசை என்றால் தொடைத் தசை மட்டுமில்லை. இதயமும் குடல் சுவரும் அதில் அடக்கம். ஆக 1 மார்க் வாங்கிய இரண்டு குதிரைகளில் ஒன்றின் இதயம் ஓரளவு தாங்கும் நிலையிலும், இன்னொன்றின் இதயம் கந்தலாகவும் இருக்கலாம். அட்டவணைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. வயதான குதிரைகளுக்கு வரும் ஒரு பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருக்கிறது. முதுகுத் தசை கரையும், வயிறு தொங்கும், ரோமம் உதிராமல் நீளமாக வளரும். அதே நேரம் கழுத்தின் மேல்விளிம்பிலும் வாலடியிலும் கொழுப்புக் கட்டிகட்டியாகச் சேரலாம். நடைமுறையில் பலர் ஆறு இடத்துக்கும் தனித்தனியா மார்க் போட்டு சராசரி எடுக்கிறார்கள். முதுகுக்கு 2, கழுத்துக்கு 6 என்றால் சராசரி 4. 'கொஞ்சம் ஒல்லி, அவ்வளவுதான்' என்று தோன்றும். ஒரு நோயின் அடையாளமே அந்த ஏற்றத்தாழ்வில்தான் இருந்தது. சராசரி அதை அழித்துவிட்டது. எங்கள் தொழிலில் இது தினசரி நடக்கும்: ஆறு சர்வரில் ஒன்று செத்துக் கிடக்கும், சராசரி மட்டும் அழகாக இருக்கும்.

இன்னும் சில சின்னச் சின்ன ஓட்டைகள். குளிர்நாட்டில் அடர்ந்த குளிர்கால ரோமம் விலாவை மறைத்துவிடும். கைவைத்துப் பார்க்காமல் வேலிக்கு வெளியே நின்று மார்க் போட்டால் இரண்டு படி தப்பும். நிறைமாதச் சினையில் கருவின் பாரம் தோலைக் கீழே இழுப்பதால் விலாப் பகுதி வேறுமாதிரி தெரியும். வயிறு நிறையப் புழு இருக்கும் குட்டிக்குத் தொப்பை இருக்கும், முதுகு கத்தி மாதிரி இருக்கும். புகைப்படத்தில் அது 'நல்லா சாப்பிடுற குட்டி'.

இந்தக் குறையைத் துறை உணராமல் இல்லை. நாய், பூனைகளுக்கும் 1990-களில் டாரத்தி லாஃப்ளாம் இதே போன்ற 9 படி அட்டவணைகளை உருவாக்கினார். பிறகு உலகச் சிறுவிலங்கு மருத்துவர் சங்கம், கொழுப்பு மதிப்பெண்ணோடு தசைக்கு என்று தனியாக ஒரு மதிப்பீடும் செய்யச் சொன்னது. முதுகுத்தண்டு, தோள்பட்டை எலும்பு, மண்டை, இடுப்பு ஆகிய இடங்களில் தசை சரியாக இருக்கிறதா, லேசாக, நடுத்தரமாக, மோசமாகக் குறைந்திருக்கிறதா என்று நான்கு படி. ஒரு விலங்கு குண்டாகவும் தசை கரைந்தும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பதை ஒப்புக்கொண்ட அட்டவணை அது. ஆனால் சுவரில் ஒட்டப்படுவதும் கைபேசியில் சுற்றுவதும் இன்னமும் அந்த 1 முதல் 9 வரையிலான படம்தான்.

இரண்டாவது பிரச்சனை: கேட்காத கேள்வி

மெலிவு ஒரு நோய் இல்லை, ஒரு அறிகுறி. கால்நடை மருத்துவப் பாடங்களில் கடும் மெலிவைப் பிரிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் கேள்வி 'எவ்வளவு எடை குறைந்தது' என்பதில்லை. 'சாப்பிடுதா?' அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் இருந்து ஐந்து கிளை பிரிகிறது.

ஒன்று, தீவனம் கிடைக்கவில்லை. போடவில்லை, அல்லது போட்டது சத்தில்லாத வைக்கோல், அல்லது தொட்டியில் இருக்கிறது ஆனால் மந்தையின் பலசாலிகள் கிட்டே விடுவதில்லை. மூன்றாவது வகையை உரிமையாளர் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் தொட்டி தினமும் காலியாகிறது.

இரண்டு, சாப்பிட ஆசை இருக்கு, முடியவில்லை. குதிரையின் பல் வாழ்நாளில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், கிழக் குதிரைக்குப் பல்லே விழுந்துவிடும். பாதி மென்ற புல்லை உருண்டை உருண்டையாகக் கீழே துப்பும். தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரிகிற நோய் இது.

மூன்று, சாப்பிடவே விருப்பமில்லை. வலி, காய்ச்சல், ஈரல், சிறுநீரகம்.

நான்கு, நன்றாகச் சாப்பிடுகிறது, உடம்பில் ஒட்டவில்லை. குடற்புழு, குடல் சுவர் நோய்கள், உறிஞ்ச முடியாத குடல்.

ஐந்து, சாப்பிட்டு, உறிஞ்சி, எரித்துவிடுகிறது. வயதான பூனைகளில் தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய் இதற்குச் சரியான உதாரணம். 1979-ல்தான் அது மருத்துவ இதழ்களில் முதலில் தெளிவாக விவரிக்கப்பட்டது. பூனை முன்னைவிட அதிகமாகத் தின்னும், இதயம் படபடவென அடிக்கும், எலும்பு தெரியும். வீட்டுக்காரர் சொல்வது: 'நல்லாத்தானே சாப்பிடுது, வயசாயிடுச்சு, அதான்'. நீரிழிவிலும் இதே கதை, கூடவே தண்ணீர் அதிகமாகக் குடிக்கும்.

இந்த ஐந்துக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. முதலாவதுக்குத் தீவனம். இரண்டாவதுக்குப் பல் அரம். ஐந்தாவதுக்கு மாத்திரை. ஐந்தும் அட்டவணையில் '2' என்றே வரும்.

சோதனை செய்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். அங்கேயும் ஒரு பாடம் உண்டு. குதிரையின் சாணத்தில் புழு முட்டை எண்ணும் சோதனை பிரபலம். முட்டை இல்லை என்று வந்தால் புழு இல்லை என்று அர்த்தமா? இல்லை. சிறு வட்டப்புழுக்களின் இளம் நிலைகள் குடல் சுவருக்குள் உறைபோட்டு மாதக்கணக்கில் தூங்கும். அவை முட்டையிடும் வயதுக்கு வராதவை. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் சுவரை உடைத்து வெளியே வரும்போது கடும் பேதி, வேகமான மெலிவு, மரணம் வரை போகும். முட்டை எண்ணிக்கை அப்போதும் பூஜ்யமாக இருக்கலாம்.

மாடுகளில் இதைவிடக் கொடுமையான உதாரணம் யோனெ நோய். 1895-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் யோனெயும் ஃப்ராதிங்ஹாமும் விவரித்தது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று குடல் சுவரைத் தடிக்க வைத்துவிடும். கன்றாக இருக்கும்போது தொற்றி, இரண்டு ஆண்டுக்கு மேல், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஈற்றுக்குப் பிறகு வெளியே தெரியும். மாடு தீவனம் எடுக்கும். பேதி போகும். உருகும். நம்பகமான சிகிச்சை கிடையாது. தொற்றின் ஆரம்பத்தில் சோதனைகள் பலமுறை தவறவிடும். அந்த மாட்டுக்கு எவ்வளவு கொட்டினாலும் எண் ஏறாது. கூடவே அதன் சாணம் அடுத்த கன்றுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு பழைய கதை: தேரா இஸ்மாயில் கான், 1880

'ஏன்' என்று கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம் துணைக்கண்டத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது.

இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், ஆங்கிலேய ராணுவத்தின் குதிரைகளும் ஒட்டகங்களும் மெலிந்து மெலிந்து செத்தன. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ரத்தச்சோகை, கால் வீக்கம். பசி பெரும்பாலும் குறையாது. கடைசி வரை தீவனம் எடுத்துக்கொண்டே உருகும். உள்ளூரில் அதற்கு 'சுர்ரா' என்று பெயர். விசாரிக்க அனுப்பப்பட்டவர் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ்.

எவான்ஸ் அந்தக் குதிரைகளின் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே நெளிந்து ஓடும் உயிர்கள். அந்த ரத்தத்தை ஆரோக்கியமான விலங்குக்கு ஏற்றினால் அதற்கும் நோய் வந்தது. இவைதான் காரணம் என்று 1880-ல் அறிக்கை எழுதினார். மேலிடத்து நிபுணர்கள் ஏற்கவில்லை. காரணம் எளிது. கல்கத்தாவில் டிமோத்தி லூயிஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே எலிகளின் ரத்தத்தில் இதே மாதிரி உயிர்களைப் பார்த்திருந்தார். அந்த எலிகளோ ஆரோக்கியமாக இருந்தன. அதனால் இவையும் சும்மா வந்து தங்குபவை என்ற எண்ணம். இன்று அந்த ஒட்டுண்ணிக்கு டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரே இருக்கிறது. எலியில் இருந்தது அதன் உறவுக்கார இனம், அதற்கு லூயிஸின் பெயர்.

சுர்ரா இன்றும் இந்தியாவில் ஒட்டகம், குதிரை, எருமைகளுக்கு வருகிறது. கடிக்கும் ஈக்கள் பரப்புகின்றன. குயினாபைரமைன் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் ஒட்டுண்ணி ரத்தத்தில் அலை அலையாக ஏறி இறங்கும். இறங்கிய நாளில் எடுத்த ரத்தத் துளியில் ஒன்றுமே தெரியாது. ஒருமுறை பார்த்து 'இல்லை' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

1880-ல் ஹென்னெக்கி அட்டவணை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குதிரைகளுக்கு 1, 2 என்று கச்சிதமாக மார்க் போட்டிருப்பார்கள். தீவனப்படி கூட்டியிருப்பார்கள். குதிரைகள் தீவனத்தைத் தின்றுவிட்டுச் செத்திருக்கும்.

மூன்றாவது பிரச்சனை: எண்ணை ஏற்றும் அவசரம்

ஒரு அளவுகோலில் 1 என்று வந்துவிட்டால், அதை 5 ஆக்குவதுதான் வேலை என்று மனசு தானாக முடிவு செய்துவிடும். விமர்சனத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். ஏனென்றால் இங்கே கருணைதான் கொல்கிறது.

நீண்ட பட்டினிக்குப் பிறகு, காரணம் வெறும் பட்டினிதான் என்று உறுதியான குதிரைக்குக்கூட, மூட்டை நிறையத் தானியம் கொடுத்தால் அது சாகலாம். தானியத்தில் மாவுச்சத்து அதிகம். ரத்தத்தில் சர்க்கரை ஏறும், இன்சுலின் பாயும். இன்சுலின் சர்க்கரையை மட்டும் செல்லுக்குள் தள்ளுவதில்லை, பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து உள்ளே இழுக்கும். பட்டினியில் உடம்பின் கையிருப்பு ஏற்கெனவே காலி. ரத்தத்தில் இருந்த மிச்சமும் போனால் இதயம் தடுமாறும், மூச்சுத் தசை ஓயும், சிறுநீரகம் நிற்கும். பெரும்பாலும் தீவனம் போட ஆரம்பித்த மூன்றாம் நாளில் இருந்து ஐந்தாம் நாளுக்குள். 'நல்லா சாப்பிட ஆரம்பிச்சுடுச்சு, கண்ணுல உயிர் வந்துடுச்சு' என்று எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. இரண்டாம் உலகப் போர் முடிவில் விடுதலையான கைதிகளிடம் மருத்துவர்கள் பார்த்த அதே விஷயம்தான்.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் விதமும் கேரலின் ஸ்டல்லும் பட்டினியில் வாடிய குதிரைகளுக்கு மூன்று வகைத் தீவனத்தைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். 1998-ல் வெளியானது. மூன்றிலும் கலோரி ஒரே அளவு. ஒன்று உலர்ந்த அல்ஃபால்ஃபா. ஒன்று ஓட்ஸ் பயிரின் உலர்தீவனம். மூன்றாவது ஓட்ஸ் உலர்தீவனத்தோடு மக்காச்சோள எண்ணெய். ஜெயித்தது அல்ஃபால்ஃபா. மாவுச்சத்து குறைவு, புரதம் நல்ல தரம், பாஸ்பரஸும் மக்னீசியமும் மற்ற இரண்டைவிட அதிகம்.

அல்ஃபால்ஃபாவுக்குத் தமிழ்நாட்டு விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் குதிரை மசால். பேரிலேயே குதிரை இருக்கிறது.

நம்மிடம் இன்னொன்றும் இருக்கிறது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.' இளைத்த உடம்புக்கு எண்ணெய்ச்சத்து ஏற்றச் சொல்கிற பழமொழி. சாதாரண இளைப்புக்கு அது நியாயமான யோசனைதான். பட்டினியின் கடைசிப் படியில் இருக்கும் உடம்புக்குப் பொருந்தாது. பிழிந்த எண்ணெயில் கலோரி கொட்டிக் கிடக்கிறது, பாஸ்பரஸோ மக்னீசியமோ இல்லை. அந்த நிலையில் உடம்புக்கு முதல் தட்டுப்பாடு கலோரி இல்லை, அந்தக் கலோரியைக் கையாளத் தேவையான உப்புகள்.

ஸ்டல் பரிந்துரைத்த அட்டவணையைப் பாருங்கள். முதல் மூன்று நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் குதிரை மசால். நாள் முழுக்கக் கூட்டினால் 2.7 கிலோ. ஒரு சராசரிக் குதிரை சாதாரணமாக நாளைக்கு 9 கிலோ அளவுக்குத் தின்னும். அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான்காம் நாளில் இருந்து மெல்ல அளவைக் கூட்டி, வேளையைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு பவுண்டுக்குச் சற்று மேல், நாளுக்குச் சுமார் 6 கிலோ. பத்து நாளுக்குப் பிறகுதான் விருப்பம்போலத் தின்ன விடலாம். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி எல்லாம் உடம்பு நிலைப்பட்ட பிறகு, மருத்துவர் சொல்லும்போது. பழைய எடைக்குத் திரும்ப ஆறு முதல் பத்து மாதம். உடல் எடையில் பாதிக்கு மேல் போய்விட்ட குதிரை பிழைப்பது மிக அரிது.

இந்தப் பத்து நாளில் ஹென்னெக்கி எண் அசையவே அசையாது. 1-ல் தொடங்கியது 1-லேயே நிற்கும். ஆனால் மொத்தச் சிகிச்சையும் அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒன்றுமே நடக்காத காலம். பொறுமை இழந்து 'கொஞ்சம் கொள்ளு வெச்சா என்ன' என்று தோன்றும் காலம். மின்வெட்டுக்குப் பிறகு ஒரு டேட்டா சென்டரை எல்லாச் சுவிட்சையும் ஒரே சமயத்தில் போட்டு எழுப்ப மாட்டோம். குதிரையிடம் மட்டும் நமக்கு அந்தப் பொறுமை வருவதில்லை, காரணம் அது நம்மைப் பார்க்கிறது.

அட்டவணை நீதிமன்றம் போகும்போது

அமெரிக்காவில் விலங்கு வதை வழக்குகளில் இந்த எண் சாட்சியாகவே போகிறது. அகநிலை வார்த்தைகளைவிட இது எவ்வளவோ மேல். வேண்டுமென்றே பட்டினி போட்டவர்கள் 'இது இப்படித்தான் இருக்கும்' என்று தப்பிக்க முடியாமல் செய்ததில் இந்த அட்டவணைக்குப் பங்கு உண்டு. அந்த நன்மையை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் '1' என்பது பட்டினி போட்டார் என்பதற்குச் சான்று இல்லை. பல் போன முப்பது வயதுக் குதிரை, குடலில் கட்டி உள்ள குதிரை, யோனெ நோய் மாடு எல்லாம் அன்பான வீட்டிலும் எலும்பாகும். பிரித்தறிய நல்ல வழிகள் இருக்கின்றன. இரண்டும் செலவில்லாதவை. ஒன்று, அதே கொட்டகையில் இருக்கும் மற்ற விலங்குகளைப் பாருங்கள். எல்லாமே மெலிவு என்றால் தீவனத்தைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் மெலிவு என்றால் அந்த ஒன்றின் வாயை, சாணத்தை, ரத்தத்தை, மந்தையில் அதன் இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு, முறையாகத் தீவனம் கொடுத்து மாதக்கணக்கில் கவனியுங்கள். வேறு எந்த மருந்தும் இல்லாமல் தீவனத்தாலேயே எடை ஏறினால், அதற்கு இல்லாமல் போனது தீவனம்தான் என்று பெருமளவு நிரூபணம் ஆகிறது. இரண்டிலும் பயன்படுவது ஒரு நாளின் எண் இல்லை. எண்ணின் போக்கும் பக்கத்து எண்களும்.

அப்போ அட்டவணையைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். ஹென்னெக்கி தன் கட்டுரையில் கொழுப்பை அளக்கிறேன் என்றுதான் சொன்னார், நோய் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. கருவி தன் எல்லையை மீறவில்லை. அதை மூலக் கட்டுரையில் இருந்து வெட்டி, படமாக்கி, சுவரில் ஒட்டியபோது அந்த எல்லை காணாமல் போனது. 9 வரை விவரித்துவிட்டு 'இதன் பிறகு இதைக் கேள்' என்று ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது அந்தச் சுவரொட்டி. என் விமர்சனம் அந்தக் கடைசி வெற்றிடத்தின் மேல்தான்.

நானாக இருந்தால் எண்ணைத் தனியாக எழுதவே விடமாட்டேன். பக்கத்தில் கட்டாயம் ஐந்து கட்டம் வைப்பேன். போன மாதம் என்ன எண்? தசை எப்படி? சாப்பிடுகிறதா, எவ்வளவு, மென்று விழுங்குகிறதா? சாணம் எப்படி? கூட இருப்பவை எப்படி? ஐந்தும் எந்தக் கருவியும் இல்லாமல் நிரப்பக்கூடியவை. ஐந்தும் நிரம்பாத வரை அந்த எண் செல்லாது.

இதைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் குதிரை இருக்காது. ஆனால் ஊட்டிச் சாலைகளில் திரியும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். தெருமுனையில் ஒரு நாயைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் பன்னிரண்டு வயதுப் பூனை இருக்கலாம். பட்டினிக்குப் பிறகு திடீரெனத் திணித்த சாப்பாட்டால் வரும் ஆபத்து நாய்க்கும் பூனைக்கும்கூட உண்டு. எலும்பு தெரிகிற ஒரு உயிரைப் பார்த்ததும் கை தானாகப் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் போகும். அதில் தப்பில்லை, கொஞ்சமா கொடுங்க. பிறகு ஐந்து நிமிஷம் அங்கேயே நின்று அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பாருங்கள். மருத்துவரிடம் கொண்டுபோகும்போது 'ரொம்ப மெலிஞ்சிருக்கு டாக்டர்' என்பதைவிட, 'வாய்ல எடுக்குது, கீழ போட்டுடுது' என்று நீங்கள் சொல்வதுதான் அவருக்கு உபயோகம். மெலிந்திருப்பது அவருக்கே தெரியும்.